வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. அடுத்து என்ன செய்வது? – வாசகர், ஈரோடு

பதில்: ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம். ஆபரேஷனுக்கு முன் பெரும்பாலும் கார்டு டெஸ்ட்தான் (கோடு தெரிகிறதா என்று பார்க்கும் உடனடிப் பரிசோதனை) செய்வார்கள். கிட்டில் குறித்த நேரத்தைத் தாண்டிப் பார்த்தால் மங்கலான கோடு தெரிந்து ஏமாற்றும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட மூன்று வாரத்துக்குள் ரத்தம் எடுத்தாலும் பாசிட்டிவ் வரலாம். ஊசியில் இருப்பதும் அதே புரதம்தானே. அதனால் முதலில் எலைசா அல்லது சி.எல்.ஐ.ஏ. என்ற லேப் பரிசோதனை முறையில் உறுதிசெய்யுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. முடி, நகத்துக்கென்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது முடிவைக் கெடுக்கும்.

உறுதியானால் தொற்று புதியதா, பழையதா என்று பார்க்க வேண்டும். ‘ஆன்டி ஹெச்.பி.சி. ஐ.ஜி.எம்.’ (வைரஸின் உட்புறப் புரதத்துக்கு எதிராக உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் புதியது. ஆனால் நாள்பட்ட தொற்று திடீரெனச் சீறும்போதும் இது தலைகாட்டும். ஆகவே ஆறு மாதம் கழித்து ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.யைத் திரும்பப் பார்ப்பதே நம்பகமான வழி. அப்போதும் பாசிட்டிவ் என்றால் நாள்பட்ட தொற்று. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் தொற்று 100-ல் 95 பேருக்குத் தானாகவே விலகிவிடும். (பாராட்டு கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது!) பிறக்கும்போதே தொற்றினால் கதை தலைகீழ்: 10-ல் 9 குழந்தைகளுக்கு நிலைத்துவிடும். காமாலையே வராமல் பல ஆண்டு இருப்பவர்களில் பலர் இப்படிச் சிறுவயதிலேயே தொற்று பெற்றவர்கள்.

ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டாம். எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்), பிளேட்லெட், ஹெச்.பி.இ.ஏ.ஜி. (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்), வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) இப்போதே பாருங்கள். பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி) சரியாக இருப்பதை வைத்து ஈரல் நலம் என்று முடிவுகட்டக் கூடாது. நாள்பட்ட தொற்றில் வைரல் லோடு மில்லிலிட்டருக்கு 2,000 யூனிட்டைத் தாண்டி, எஸ்.ஜி.பி.டி.யும் கூடியிருந்தால் பொதுவாக மாத்திரை தொடங்குவார்கள். ஈரல் சுருக்கம் இருந்தால் அந்த அளவுக்குக் காத்திருப்பதில்லை. இந்தத் தொற்றுக்காக மட்டும் கண் ஆபரேஷனை மறுக்க வேண்டியதில்லை. கருவிகளைச் சுத்திகரிக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். மனைவி, பிள்ளைகளுக்கும் பரிசோதித்து, தேவைப்படுவோருக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் தடுப்பூசி போடுங்கள்.

கேள்வி: எனக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ‘ஆன்டி ஹெச்.பி.எஸ்.’ 140. பாசிட்டிவ் என்று எழுதியிருப்பதால் பயமாக இருக்கிறது. – வாசகி, நாகர்கோவில்

பதில்: பயம் வேண்டாம், அது ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான எதிர்ப்பாற்றல். 10-க்கு மேல் இருந்தால் போதும். மொத்த ‘ஆன்டி ஹெச்.பி.சி.’யும் (வைரஸ் தொற்றினால் மட்டுமே உருவாகும் எதிர்ப்பொருள்) பாருங்கள். நெகட்டிவ் என்றால் தடுப்பூசி தந்த பாதுகாப்பு. பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்து போயிருக்கிறது. அப்படியானால் பின்னாளில் கீமோதெரபியோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ தொடங்கும் முன் மருத்துவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ஈரலில் பதுங்கியிருக்கும் வைரஸ் மறுபடி எழுவது அப்போதுதான்.