பத்து நாள் தண்ணீர் விரதத்துக்கு ஏற்காடு போகலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 46. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எடை 88 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதச் சராசரி 8.1. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை, மதியம் டாபாகிளிஃப்ளோசின் 10, இரவில் பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். ஏற்காட்டில் ஒரு பங்களாவில் பத்து நாள் தண்ணீர் விரத முகாம் நடக்கிறது. மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். எட்டு கிலோ குறையும், சர்க்கரை வேரோடு போய்விடும் என்கிறார் ஆள் சேர்ப்பவர். வருடா வருடம் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பால், பழத்தோடு விரதம் இருக்கிறவன் நான். பசி தாங்குவேன். போகலாமா?

பதில்: போக வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் அது போனாலும் பரவாயில்லை.

பசி தாங்குவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இதில் ஆபத்து பசியில் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாளுக்குப் பிறகு பசி பலருக்குத் தானாகவே மங்கிவிடும். அது மங்கிய பிறகு உடம்புக்குள் நடப்பதுதான் உங்கள் விஷயத்தில் கவலை தருகிறது.

பட்டறைக் கணக்கிலேயே சொல்கிறேன். வேலை வராத நாளில் முதலில் கல்லாவில் இருக்கும் சில்லறையை எடுத்துச் செலவு செய்வீர்கள். உடம்பில் அந்தச் சில்லறை ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை. ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு என்பது பெட்டியில் பூட்டி வைத்த வெள்ளிக் கட்டி மாதிரி. நிறைய இருக்கிறது, ஆனால் அதை மாற்றிக் கைக்குக் காசாக வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை செலவுக்கு என்ன வழி? பட்டறைச் சாமானை விற்க வேண்டியதுதான். அந்தச் சாமான் உங்கள் தசை. முதல் சில நாட்களில்தான் தசைப் புரதம் அதிகமாகக் கரைகிறது. அதன்பின் ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருளைப் போதுமான அளவு செய்யத் தொடங்கும். மூளையும் அதைக் கொண்டு பாதிப் பசியாறிக்கொள்ளும். தசை கரைவது குறையும், நிற்காது.

எட்டு கிலோ கணக்கைப் பார்ப்போம். உட்கார்ந்து வேலை செய்யும் உங்கள் உடம்புக்கு ஒரு நாள் செலவு சுமார் 2,000 கலோரி. பத்து நாளைக்கு 20,000. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அத்தனையும் கொழுப்பிலிருந்தே எடுத்தாலும் கரைவது இரண்டரை கிலோ சொச்சம். மிச்சம் குறைவதெல்லாம் தண்ணீர், உப்பு, தசை, காலிக் குடல். சேர்த்து வைத்த சர்க்கரை ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது அந்தத் தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். வீடு திரும்பி ஒரு வாரம் சாப்பிட்டால் தண்ணீர் திரும்ப வரும். முகாம்காரர் பத்தாம் நாள் காலையில் எடை பார்த்துப் போட்டோ எடுப்பார். இருபதாம் நாள் யாரும் எடுப்பதில்லை.

இனி உங்கள் மாத்திரைக்கு வருகிறேன். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

டாபாகிளிஃப்ளோசின் வேலை செய்யும் விதமே தனி. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். சாப்பிடுகிறவருக்கு நல்ல மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது, நானே பலருக்கு எழுதுகிறேன். ஆனால் சாப்பிடாமல் கிடக்கும் உடம்பில் இது சர்க்கரையை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் இன்சுலின் இன்னும் இறங்கும், கீட்டோன் அளவு கடந்து ஏறும். ரத்தம் அமிலமாகும். சாதாரணமாக இந்த நிலை சர்க்கரை 300, 400 என்று ஏறியவருக்கு வருவது. இந்த மாத்திரைக்காரருக்கு மட்டும் சர்க்கரை 140, 160 என்று இருக்கும்போதே வரும். விரலில் குத்திப் பார்ப்பார்கள், மெஷினில் 148 என்று காட்டும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். உள்ளே உயிருக்கு ஆபத்து வந்துகொண்டிருக்கும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, அசதி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குவது, இவைதான் அறிகுறிகள். முகாமில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘கழிவு வெளியேறுகிறது.’ வாந்தி எடுத்தவரைப் பாராட்டி இன்னொரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள்.

‘அதுதான் மாத்திரையை வீட்டில் வைக்கச் சொல்கிறார்களே’ என்று கேட்பீர்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்ட மாத்திரையின் வேலை திங்கட்கிழமையோடு முடிந்துவிடாது. சில நாள் நீடிக்கும். அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன்பு இதைக் குறைந்தது மூன்று நாளைக்கு முன்பே நிறுத்துகிறோம். கிளம்புகிற அன்று நிறுத்தினால் விரதத்தின் முதல் மூன்று நாளும் மருந்து உடம்பில் இருக்கிறது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையும் உதவாது. விரதம் இருக்கும் எல்லோருக்கும் அது நிறம் மாறும். ரத்தக் கீட்டோனும், ரத்தம் அமிலமாகிறதா என்று காட்டும் பைகார்பனேட்டும் பார்க்க வேண்டும். பங்களாவில் அதற்கு வழியில்லை.

இன்னொன்று. இந்த மருந்தின் முதல் காப்புரிமை 2020-ல் முடிந்தது. அதன்பின் விலை இறங்கி, எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ பெயரில் விற்கின்றன. மெட்ஃபார்மினோடும் மற்றதோடும் கலந்தும் வருகிறது. சாப்பிடுகிறவருக்கே தெரியாது. உங்களுக்காவது பெயர் தெரிகிறது. தெரியாதவர்கள் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தைப் பாருங்கள். ‘ஃப்ளோசின்’ என்று முடியும் பெயர் இருந்தால் நான் சொன்னது உங்களுக்கும்தான்.

இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். சொல்வதில்லை. ஓ.பி.யில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. புரட்டாசி சனி, சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒரு நோன்பு இருக்கிற ஊர் இது. அப்படியிருந்தும் ‘விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது’ என்று ஒரு வரி அச்சடித்த சுகர் அட்டையை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. கேட்டால், அதற்குத் தனி உத்தரவு வர வேண்டும் என்கிறார்கள். ஒரு வரி அச்சடிக்க உத்தரவு! அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார்.

உங்களை அழைத்துப் போகிறவரிடம் தலைக்கு எவ்வளவு கமிஷன் என்று நேராகக் கேளுங்கள். கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது. அடுத்து, ராத்திரி பங்களாவில் தங்குகிற டாக்டர் யார், என்ன படித்தவர் என்று கேளுங்கள். இயற்கை மருத்துவத்துக்கு நான் எதிரி அல்ல. ஐந்தரை வருடம் படித்து பி.என்.ஒய்.எஸ். வாங்கிய டாக்டர்கள் இருக்கிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அவர்களில் பொறுப்பானவர் யாரும் உங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் பத்து நாள் தண்ணீர் விரதம் வைக்க மாட்டார். சுவரில் மாட்டிய மூன்று மாதச் சான்றிதழ் வேறு, அது வேறு. ‘என் சொந்தப் பொறுப்பில் இருக்கிறேன்’ என்று கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர்கள் நோபல் பரிசைக் காட்டுவார்கள். 2016-ல் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை. செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே செரித்துப் புதுப்பிக்கும் விதத்தை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்கு அது. சர்க்கரை நோயாளிக்குப் பத்து நாள் பட்டினி என்று அவர் மருந்துச் சீட்டு எழுதவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 382 நாள் சாப்பிடாமல் இருந்தார் என்பார்கள். அதுவும் உண்மை, 1965, 66-ல் நடந்தது. ஆரம்ப எடை 207 கிலோ. டண்டீ மருத்துவமனையின் கண்காணிப்பில், வைட்டமினும் இடையில் பொட்டாசியமும் கொடுத்து, ரத்தம் பார்த்துப் பார்த்து நடந்த விரதம். இந்தப் பாதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

முகாம்களில் ஒருவர்கூட வாயைத் திறக்காத விஷயம் விரதத்தை முடிப்பது. ஒரு மே மாதம் என்னிடம் வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மலையில் ஒன்பது நாள் தண்ணீர் மட்டும். நன்றாகத்தான் இறங்கி வந்தார். வீட்டில் மல்கோவா சீசன். மாம்பழம், சர்பத், மறுநாள் விருந்துச் சாப்பாடு. மூன்றாம் நாள் மாலை இரண்டு மகன்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்காலை விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தேன், பிடிக்க முடியவில்லை, சட்டை நனைந்தது. மூச்சு வாங்கியது. ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு 0.9. இரண்டரைக்குக் குறையக் கூடாது. ஐ.சி.யூ.வில் வைத்துத்தான் பிழைக்க வைத்தோம்.

பல நாள் பட்டினிக்குப் பிறகு மாவும் சர்க்கரையும் உள்ளே போனதும் இன்சுலின் திடீரென ஏறும். ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். தயமின் என்ற பி-1 வைட்டமின் கையிருப்பும் தீர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் சோறு கிடைத்த பிறகு செத்தது இதனால்தான். ஐந்து நாளுக்கு மேல் ஏதும் சாப்பிடாதவருக்கு முதலில் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது, தயமின் முன்னதாகவே கொடுக்க வேண்டும், ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். உங்கள் முகாமின் பத்தாம் நாள் நிகழ்ச்சி என்ன? பழச்சாறு, பொங்கல், வழியனுப்பு விழா.

உங்கள் சஷ்டி விரதம் இதிலிருந்து வேறுபடுவது இங்கேதான். பாலில் பாஸ்பேட் இருக்கிறது, பழத்தில் பொட்டாசியமும் சர்க்கரையும் இருக்கின்றன. அளவு குறைவு, அவ்வளவுதான். ஆறு நாள் இருந்து பழகிவிட்டேன் என்பது தண்ணீர் விரதத்துக்குத் தகுதி ஆகாது.

ஏதாவது ஆனால் 108 இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வண்டி வந்தாலும் சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. மூடுபனி ராத்திரியில் அந்த ரோட்டில் வேகம் பிடிக்க முடியாது. இப்படி ஒரு முகாமைப் பற்றி நான் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஒரு அலுவலகம் ‘இது மருத்துவமனை இல்லை, விடுதி’ என்றது. இன்னொன்று ‘விடுதிக்குள் யார் சாப்பிடுகிறார்கள் என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது’ என்றது. மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. என் மனு எந்த மேசையில் இருக்கிறதோ.

சர்க்கரை குறையவே குறையாதா? குறையும். எடை குறைந்து குறைந்தபடியே நின்றால் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது. பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்ற ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஒரு நாளைக்கு 850 கலோரிக்குள் சத்து குறையாத திரவ உணவு கொடுத்தார்கள். பிறகு மெல்ல வழக்கமான சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். 2017-ல் வெளியான முடிவு. அங்கேயும் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நிறுத்தியது டாக்டர். இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவில்லை. அடிக்கடி வரவழைத்துப் பார்த்தார்கள். முக்கியமாக, அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. உங்களுக்கு மூன்று வருடம்தான் ஆகிறது, எடையும் இருக்கிறது. நல்ல வாய்ப்புள்ளவர் நீங்கள். அந்த வாய்ப்பைப் பங்களாவில் போய்த் தொலைக்காதீர்கள்.

இப்போதைக்கு இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு மறுநாள் காலை எட்டுக்குச் சாப்பிடுங்கள். பதின்மூன்று மணி நேர விரதம், ஆபத்தில்லாதது. பட்டறையில் மாலை நேரத்துத் தட்டுவடை செட்டை விடுங்கள். அடுத்த சஷ்டிக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் டாக்டரைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசினை மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தவும், விரத நாட்களில் கிளிமிபிரைடை என்ன செய்வது என்றும் அவர்தான் எழுதித் தர வேண்டும். கிளிமிபிரைடைப் போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ மெஷினில் 70-க்குக் கீழே காட்டினாலோ அந்த நிமிடமே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயரை வாயால் சொன்னால் போதாது, மெடிக்கல் ஷாப்பில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பார்த்து ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.