கணக்கில் தேறாதவரின் வட்டம்

கேள்வி: கணிதம் படிக்காத ஓவியர் கணிதத்தைக் கொண்டு படைக்க முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: முடியும், நெதர்லாந்து ஓவியர் எம்.சி. எஷரே சாட்சி. பள்ளிக் கணக்கில் சோடை போனவர் அவர். 1958இல் டொரன்டோக் கணிதப் பேராசிரியர் காக்ஸெட்டர் அனுப்பிய கட்டுரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால், விளிம்பை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகும் முக்கோணங்கள் நிறைந்த அதன் வட்டப் படம் அவரை விடாமல் பற்றிக்கொண்டது. 1959இல் அவர் மரத்தில் செதுக்கி அச்சிட்ட 'வட்ட எல்லை 3' என்ற படைப்பில், நான்கு நிற மீன்கள் வெண்ணிற வில்கோடுகளின் வழியே வரிசையாக நீந்தி, ஓரத்தில் கடுகாய்ச் சுருங்குகின்றன. காக்ஸெட்டரின் படத்தில் வில்கோடுகள் வட்ட விளிம்பைச் செங்குத்தாக வெட்டும்; எஷரின் வெண்கோடுகள் அப்படி வெட்டவில்லை என்பதைப் பிழையென்று கருதத் தோன்றும். பின்னாளில் காக்ஸெட்டரே கணக்கிட்டபோது இந்த மீன் அமைப்புக்குக் கிடைத்த கோணம் ஏறத்தாழ 80 பாகை, எஷர் கண்ணளவில் வரைந்ததும் (பள்ளி வாத்தியார் கவனிக்க!) அதுவேதான்.