எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், உடல் வலிமையால் எதிராளியை ஆட்டிப்படைத்தவர்களில் முதலிடம் யாருக்கு?

என் ஓட்டு ரஷ்ய மல்யுத்த வீரர் அலெக்சாந்தர் கரேலினுக்கு.

பலரும் கூடைப்பந்தின் வில்ட் சேம்பர்லைனைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். 1962-இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர். அந்தப் பருவத்தின் சராசரியே ஆட்டத்துக்கு 50-க்கு மேல். ஆனால் அவரது 7 அடி 1 அங்குல உயரத்துக்கு ஈடுகொடுக்க எதிரணியில் பெரும்பாலும் ஆள் இல்லை. உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியது அசாத்தியம்தான், ஆனால் ஓட்டத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை.

கரேலின் மோதியது தன் எடைப்பிரிவு ஆட்களோடு, அதாவது 130 கிலோ மலைகளோடு. கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. எதிராளி குப்புறப் படுத்து விரிப்போடு ஒட்டிக்கொள்வார். கரேலின் பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டி, அப்படியே தூக்கி, தன் உடலை வில்லாக வளைத்துப் பின்பக்கமாக வீசுவார். எடை குறைந்த பிரிவுகளில் செய்யும் வித்தை அது. அந்த எடையில் அதைச் செய்தது எனக்கு இன்னமும் வியப்புதான். தூக்கப்படுவதற்குப் பயந்து, தாங்களே மல்லாந்து தோற்றவர்களும் உண்டு!

1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் அமெரிக்க வீரர் ரூலன் கார்ட்னரிடம் தோற்றார். அதுவும் பிடி நழுவியதால் போன ஒரே ஒரு புள்ளியில்.