கைவிடப்பட்ட கருவியைக் கையில் எடுப்பது: கேள்வி பதில்

பராமரிப்பு நின்றுபோன திறமூல டெவலப்பர் கருவியைப் பொறுப்பேற்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கேட்டவர்களில் பலர் கையில் வைத்திருப்பது பைதானில் எழுதி பைபிஐ-யில் (பைதான் பேக்கேஜ்களின் பொதுப் பதிவகம்) வெளியான கட்டளைவரிக் கருவி. அதனால் பதில்களும் அதை ஒட்டியே போகின்றன.

கேள்வி: அண்ணா, எங்க டீம் தினமும் ஓட்டுற ஒரு கருவிக்குக் கடைசி ரிலீஸ் வந்தது 2019-ல். ஆசிரியர் எந்த இஷ்யூவுக்கும் (பிழைப் புகாருக்கும்) பதில் சொல்றதில்ல. நேரா ஃபோர்க் பண்ணிடலாமா, அதாவது கோடை நகலெடுத்துத் தனியா நடத்தலாமா?

பதில்: பண்ணலாம் தம்பி, லைசென்ஸ் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன் ஆசிரியருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கடைசிக் கமிட்டில் (பதிவான கோட் மாற்றத்தில்) இருக்கும் முகவரியும் பைபிஐ பக்கத்து முகவரியும் வேறு வேறாக இருந்தால் இரண்டுக்கும் அனுப்புங்கள். இஷ்யூ அறிவிப்புகளைப் பலர் வருடக்கணக்காகப் பார்ப்பதே இல்லை.

மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். "இந்த மூன்று பேட்ச் தயார், டெஸ்ட் ஓடுகிறது, இணைப்பு இதோ" என்று சொல்லிவிட்டு, அவருக்கு மூன்று வழி கொடுங்கள்: உங்களை இணைப் பராமரிப்பாளராகச் சேர்ப்பது, ரெப்போவையே (கோட் களஞ்சியத்தையே) மாற்றித் தருவது, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் உங்கள் ஃபோர்க்குக்கு ஒரு வரி போடுவது. மூன்றாவது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். இத்தனை வருடம் இலவசமாகக் கொடுத்தவரிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: பதிலே வரலைன்னா பைபிஐ-யில் அதே பெயரை வாங்க முடியுமா?

பதில்: முடியும், விதி பெப் 541 (பைதான் சமூகத்தின் ஆவணம்). கைவிடப்பட்ட திட்டம் என்று கொள்ள மூன்றும் பொருந்த வேண்டும்: உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, கடந்த 12 மாதங்களில் ரிலீஸ் இல்லை, திட்டத்தின் பக்கத்தில் அவர் நடமாட்டம் இல்லை. பைபிஐ நிர்வாகிகளும் தங்கள் பங்குக்கு 6 வாரத்தில் குறைந்தது 3 முறை அவரைத் தொடர்புகொள்ளப் பார்ப்பார்கள்.

பலர் தடுமாறுவது அடுத்த படியில். நீங்கள் முயன்று தோற்றதற்குச் சான்று வேண்டும். உங்கள் ஃபோர்க்கில் உண்மையான மேம்பாடு இருக்க வேண்டும். வேறு பெயரில் வெளியிடுவது ஏன் போதாது என்றும் விளக்க வேண்டும். வெறும் ஃபோர்க்கோடு போய் நின்றால் கிடைக்காது. விண்ணப்பம் நகர நாளாகும் என்பதால், வேலையை நிறுத்தாமல் தற்காலிகப் பெயரில் வெளியிட்டுக்கொண்டே இருங்கள்.

எல்லாப் பதிவகத்திலும் இந்த விதி இல்லை. ரஸ்ட் மொழியின் பதிவகமான கிரேட்ஸ்.ஐஓ-வில் உரிமையாளர் சம்மதிக்காமல் பெயர் கைமாறாது. டெபியன் லினக்ஸில் பேக்கேஜை மீட்க "இன்டென்ட் டு சால்வேஜ்" என்று பதிந்து 21 நாள் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: புதுப் பெயரில் போட்டால், கோடில் அழைக்கும் இம்போர்ட் பெயரைப் பழையபடியே வைக்கலாமா சார்?

பதில்: வைக்கலாம். பிஐஎல் என்ற படக் கையாளல் நூலகத்தின் ஃபோர்க்கான பில்லோ அப்படித்தான் செய்தது. பிஐஎல்-லின் கடைசி ரிலீஸ் 1.1.7, வருடம் 2009. பில்லோ 2010-ல் ஃபோர்க்காகக் கிளம்பியது, இன்றும் இம்போர்ட் பெயர் பிஐஎல்தான். பயனர் தன் கோடில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், பழையதும் புதியதும் ஒரே சூழலில் ஏறினால் ஒன்றின் கோப்புகள் மேல் மற்றொன்று எழுதிவிடும், பைதானின் இன்ஸ்டால் கருவியான பிப் தடுக்காது. பிறகு ஒன்றை அன்இன்ஸ்டால் செய்தால் மற்றதன் கோப்புகளும் சேர்ந்து போகும். "முதலில் பழையதை நீக்குங்கள்" என்பது இன்ஸ்டால் குறிப்பின் முதல் வரியாக இருக்கட்டும்.

கேள்வி: ரெப்போவில் லைசென்ஸ் கோப்பே இல்லை. என்ன செய்வது?

பதில்: ஆசிரியர் எழுத்தில் லைசென்ஸ் கொடுக்கும் வரை வெளியிடாதீர்கள். பொதுவில் இருக்கும் கோட் எல்லாம் திறமூலம் ஆகிவிடாது. எம்ஐடி என்றால் பழைய பதிப்புரிமை வரியை அப்படியே விட்டு, கீழே உங்களுடையதைச் சேருங்கள். ஜிபிஎல்-லை எம்ஐடியாக மாற்ற, கோடில் உரிமை உள்ள அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும்.

கேள்வி: ஆசிரியர் சரி என்று சொல்லி சாவியைக் கொடுத்துவிட்டார். முதல் ரிலீஸில் என்ன சேர்க்கலாம்? மெயின் கிளையில் 60 கமிட் வெளியாகாமல் கிடக்கிறது.

பதில்: அந்த 60-ஐயும் மொத்தமாகச் சேர்க்காதீர்கள். கடைசி ரிலீஸைக் குறிக்கும் டேகிலிருந்து கிளை எடுங்கள். இன்றைய பைதானில் ஓட எது தேவையோ அதை மட்டும் செர்ரி-பிக் செய்யுங்கள் (பொறுக்கிச் சேருங்கள்). பாதியில் நின்ற ரீஃபாக்டர் (கோட் மறுசீரமைப்பு) அந்த மெயின் கிளைக்குள் இருக்க நிறைய வாய்ப்பு. முதல் ரிலீஸ் "மறுபடி இன்ஸ்டால் ஆகிறது" என்பதை மட்டும் நிரூபித்தால் போதும்.

வரிசை இப்படி. பைபிஐ-யிலிருந்து கடைசி மூலத் தொகுப்பை இறக்கி, அதே பதிப்பின் டேகோடு டிஃப் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் தன் கணினியில் திருத்திவிட்டு புஷ் செய்ய மறந்தது அங்கே தெரியும். இதில் பாதுகாப்புக் காரணமும் உண்டு: 2024-ல் கோப்புச் சுருக்கக் கருவியான எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுந்த பின்கதவைக் கிளப்பிவிட்ட எம்4 கோப்பு வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது, கிட் ரெப்போவில் இல்லை.

அடுத்து, பழைய டெஸ்ட்களைப் பழைய சூழலில் ஓட்டி, ஒப்பிட ஒரு அடிப்படை நிலையை எடுங்கள். பைதான் பேக்கேஜ் மேலாளரான யுவி-யில் எக்ஸ்க்ளூட்-நியூவர் விருப்பத்துக்குக் கடைசி ரிலீஸின் தேதியைக் கொடுத்தால், அன்றைக்கு இருந்த சார்புகளையே (கருவி நம்பியிருக்கும் பேக்கேஜ்களையே) இறக்கும். அங்கேயே விழும் டெஸ்ட் உங்களால் விழுந்ததல்ல, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பைதானை 3.9, 3.10 என்று ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரே தாவலில் புதியதற்குப் போனால் ஐந்து பிழை ஒன்றின்மேல் ஒன்றாக வந்து எதற்கு எது காரணம் என்று தெரியாது.

கேள்வி: பொதுவாக எங்கெங்கே உடையும்?

பதில்: அனேகமாக இவைதான். பைதான் 3.10-ல் கலெக்ஷன்ஸ் தொகுதியில் நேரடியாக இருந்த காலபிள், மேப்பிங் போன்றவை போயின, கலெக்ஷன்ஸ்.ஏபிசி-யிலிருந்து எடுக்க வேண்டும். 3.11-ல் இன்ஸ்பெக்ட்டின் கெட்ஆர்க்ஸ்பெக் போனது. 3.12-ல் டிஸ்ட்யூடில்ஸ், இம்ப், அசின்கோர் மூன்றும் போயின, யூனிட்டெஸ்ட்டின் அசர்ட்ஈக்குவல்ஸ் என்ற பழைய பெயரும் சேர்ந்து போனது. இன்ஸ்டால் நேரத்திலேயே விழுந்தால் செட்டப் கோப்பில் யூஸ்_2டு3 (பைதான் 2 கோடை 3-க்கு மாற்றும் விருப்பம்) இருக்கிறதா என்று பாருங்கள், செட்டப்டூல்ஸ் 58-லேயே அதை எடுத்துவிட்டார்கள். 2015-க்குப் பின் ரிலீஸ் காணாத டெஸ்ட் கருவியான நோஸ் 1.3.7-ஐக் கவிழ்த்ததும் இந்தக் காலபிளும் 2டு3-யும்தான்.

கேள்வி: எந்தப் பைதான் பதிப்பு வேணும்னு சொல்ற ரிக்வயர்ஸ்-பைதானில் மேல்வரம்பும் போடணுமா?

பதில்: கீழ்வரம்பு கட்டாயம், மேல்வரம்பு வேண்டவே வேண்டாம். 3.13-க்குக் கீழ் என்று இன்று போட்டால், 3.13 வைத்திருப்பவருக்கு பிப் பிழை காட்டாது. வரம்பே போடாத 2019 பதிப்பைத் தேடி எடுத்து இன்ஸ்டால் செய்துவிடும். அவர் வந்து நீங்கள் எப்போதோ சரிசெய்த பிழையைப் புகாராக எழுதுவார்.

கேள்வி: 300 இஷ்யூ திறந்து கிடக்கு, 40 புல் ரிக்வஸ்ட் (மத்தவங்க அனுப்பின மாற்றம்). பழசைத் தானா மூடுற ஸ்டேல் பாட் போட்டு மூடிடலாமா அக்கா?

பதில்: வேண்டாம்ப்பா. பிழையை ஒழுங்காக எழுதியவரை ஒரு பாட் துரத்தினால் அவர் திரும்பி வரமாட்டார். தரவு அழிகிறது, பாதுகாப்பு ஓட்டை என்பவற்றை முதலில் தேடி எடுங்கள். இன்ஸ்டால் ஆகவில்லை என்ற கூட்டம் முதல் ரிலீஸோடு கணிசமாகக் கரையும். மீதியை அவசரமில்லாமல் பாருங்கள்.

ஐந்து வருடம் கிடந்த புல் ரிக்வஸ்ட்டை ரீபேஸ் செய்யச் சொல்லி (இன்றைய கோடின் மேல் பொருத்தச் சொல்லி) அதன் ஆசிரியரைக் கேட்பது நியாயமில்லை, நீங்களே செய்யுங்கள். கமிட்டில் அவர் பெயர் ஆசிரியராகவே நிற்கட்டும். நிறைய மாற்ற வேண்டி வந்தால் கோ-ஆதர்ட்-பை (இணை ஆசிரியர்) வரி சேருங்கள். சேர்க்கப் போவதில்லை என்றால் காரணத்தை இரண்டு வரியில் எழுதி அன்றே மூடுங்கள்.

கேள்வி: யாரோ ஒருவர் நல்ல பேட்ச் அனுப்புகிறார், ரிலீஸ் உரிமையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: மாற்றத்தைச் சேர்க்கும் மெர்ஜ் உரிமையும் பதிப்பை வெளியிடும் ரிலீஸ் உரிமையும் வேறு வேறு, சேர்த்துக் கொடுக்காதீர்கள். 2018-ல் ஜாவாஸ்கிரிப்ட் பதிவகமான என்பிஎம்-மின் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜ் இப்படித்தான் உதவ வந்த ஒருவர் கைக்குப் போனது. அவர் சேர்த்த ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற சார்பு வழியாக, கோபே பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த கோட் உள்ளே வந்தது.

டோக்கன் என்ற ரகசியச் சாவியைச் சேமித்து வைக்காமல் வெளியிடும் வழி இருக்கிறது: 2023-ல் பைபிஐ கொண்டுவந்த ட்ரஸ்டட் பப்ளிஷிங். கிட்ஹப்பில் ரிலீஸுக்கென்று தனி என்விரான்மென்ட் வைத்து, இன்னொருவர் ஒப்புதல் கட்டாயம் என்று அமையுங்கள். பழைய சிஐ (தானியங்கி பில்ட், டெஸ்ட்) டோக்கன், டிப்ளாய் கீ, வெப்ஹூக், யாரென்று தெரியாத கூட்டாளர் எல்லாவற்றையும் நீக்குங்கள். பழைய உரிமையாளரின் மின்னஞ்சல் டொமைன் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022-ல் பைபிஐ-யின் சிடிஎக்ஸ் பேக்கேஜ் பறிபோனது, அதன் உரிமையாளரின் காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கி பாஸ்வேர்டை மாற்றியதால்தான்.

கேள்வி: ஒரு வருஷம் கழிச்சு என்னாலயும் முடியலைன்னா?

பதில்: சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ரீட்மீயின் முதல் வரியில் பராமரிப்பு இல்லை என்றும், மாற்றுக் கருவி இருந்தால் அதன் பெயரையும் எழுதுங்கள். அந்த ரீட்மீயோடு கடைசியாக ஒரு ரிலீஸ் போட்டால்தான் பைபிஐ பக்கத்திலும் அது தெரியும். பிறகு கிட்ஹப்பில் ஆர்க்கைவ் செய்யுங்கள். பைபிஐ-யிலும் 2025 முதல் ஆர்க்கைவ் வசதி இருக்கிறது. பழைய பதிப்புகளை மட்டும் அழிக்காதீர்கள், யாருடைய பில்டோ அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும்.