கிளட்ச் போய்விட்டதா? பழைய வண்டிக்காரர்களின் கேள்விகளும் ஒரு மெக்கானிக்கின் பதில்களும்

கோவையில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என் கையில் அதிகம் பட்டது மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. இன்றும் வாரத்துக்கு ஒன்றாவது பட்டறை வாசலில் வந்து நிற்கிறது. கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியே வந்திருக்கின்றன.

கேள்வி: ஐயா, என்னுடையது 2004 மாருதி 800. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் மாற்ற 9,000 ரூபாய் கேட்கிறார்கள். வண்டியை விற்றாலே 40,000தான் கிடைக்கும். செலவு செய்யலாமா? (பொள்ளாச்சி)

பணத்தை எடுக்கும் முன் கேபிளைப் பாருங்கள். உங்கள் வண்டியில் மிதிக்கும் கிளட்சுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பிக் கயிறுதான். கிளட்சுக்குள் உராய்ந்து இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடுதான் பிளேட். அது தேயத் தேய இந்தக் கயிறு இறுகிக்கொண்டே வரும். மிதியைக் கையால் அமுக்கினால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் லேசாக இறங்க வேண்டும். கனம் அதற்குப் பிறகே தெரிய வேண்டும். அந்த லூசு இல்லாவிட்டால் யாரோ எந்நேரமும் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டிருப்பதாகவே அர்த்தம். வழுக்காமல் என்ன செய்யும்? கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் நுனியில் இருக்கும் நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடும். இந்த நட்டு ஒன்றைத் திருகிவிட்டு நான் திருப்பி அனுப்பிய வண்டிகள் ஏராளம்.

லூசு வைத்த பிறகும் வழுக்கினால், சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிளேட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒருமுறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

9,000 ரூபாயில் என்னென்ன அடக்கம் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த வண்டிக்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. கியர் ஆயிலை வடித்து, முன் சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவி, கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். பழகிய கைக்கு ஒரு பகல் வேலை. "இன்ஜின் இறக்கும் கூலி" என்று சீட்டில் இருந்தால் வேறு பட்டறையைப் பாருங்கள். இன்னொன்று, காலடி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டை ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகடு துருவில் அரித்துவிட்டது, கிளட்ச் செலவு வீண். தகடு கெட்டியாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: பிளேட் மட்டும் மாற்றினால் போதாதா? அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் நன்றாக இருப்பதாக மெக்கானிக்கே சொல்கிறார். (ஈரோடு)

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒரு ஆசிரியர் கையில் காசில்லை என்றார். பிளேட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். நான்கே மாதத்தில், மிதியை அமுக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் கதற ஆரம்பித்தது. அந்தப் பேரிங்கின் விலை மிகச் சொற்பம். ஆனால் அதைத் தொட மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டாம் முறை அவரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக, பெயர் தெரிந்த கம்பெனியில் வாங்குங்கள். இன்ஜின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு தெரிந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள். எண்ணெய் பட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும், கிளம்பும்போது வண்டி உதறும். பிளேட் உராயும் கனத்த இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் லேத்தில் கொடுத்து மெல்லிசாக முகம் எடுக்கலாம், அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்தலாம். ஆழமான விரிசல் இருந்தால் லேத்துக்குக் கொடுக்காதீர்கள், வேறு ஃப்ளைவீல் தேடுங்கள். மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: செட்டை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, புதுப்பேட்டையில் பழைய கிளட்ச் செட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா? (சென்னை)

அங்கே கதவு வாங்கலாம் அம்மா, கண்ணாடி வாங்கலாம், நல்ல ஃப்ளைவீல்கூட வாங்கலாம். தேய்வதற்கென்றே இருக்கும் பொருளைப் பழையதாக வாங்காதீர்கள். எவ்வளவு ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: பழைய பிளேட்டுக்கே புது லைனிங், அதாவது உராயும் மேல் அடுக்கு, ரிவெட் அடித்துத் தருகிறார்களாம். அது நீடிக்குமா? (நாமக்கல்)

புதுப் பிளேட் கிடைக்காத வண்டிக்கு அது கைகொடுக்கும். நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் ஆடக் கூடாது, பல் தேய்ந்திருக்கக் கூடாது. சந்தையில் செட் தாராளமாகக் கிடைக்கும் மாருதிக்கு எதற்கு இந்த வேலை?

கேள்வி: கிளட்சை மிதித்தால் கீச்சென்று சத்தம், விட்டால் நின்றுவிடுகிறது. என் தம்பி வண்டியில் இதற்கு நேர்மாறு. (திருப்பூர்)

மிதிக்கும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் மிதியை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பேரிங். தம்பிக்குத்தான் செலவு அதிகம்.

கேள்வி: 2003 குவாலிஸ். கிளட்ச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது, கியர் விழவில்லை. கிளட்ச் போய்விட்டதா? (மதுரை)

இதில் கேபிள் கிடையாது, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் டப்பாவையும், கியர்பாக்ஸ் ஓரத்தில் இருந்து அந்த அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரையும் பாருங்கள். அதன் ரப்பர் உறையைத் தூக்கினால் ஈரம் தெரிகிறதா? பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் போயிருக்கும். அதை மாற்றி, காற்றை வெளியேற்றினால் முடிந்தது. பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். எல்லா ரப்பரும் ஊதிப்போயிருந்தன.

கேள்வி: ஐயா, நான் மெக்கானிக்கல் மாணவன். அப்பாவின் மாருதிக்கு நானே வீட்டில் மாற்றலாம் என்று நினைக்கிறேன். (சேலம்)

செய் தம்பி, ஆனால் தனியாகச் செய்யாதே. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதே, ஈரத் துணியால் துடை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று கழற்றும்போதே குறித்துக்கொள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றை இரவல் வாங்கு. கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை பிளேட்டின் மேல் தொங்கவே கூடாது. தொங்கினால் பிளேட் வளையும், பிறகு புது கிளட்சிலும் கியர் முரண்டு பிடிக்கும். என்னிடம் "புதுசு போட்டும் கியர் விழவில்லை" என்று வரும் வண்டிகளில் பாதி இந்தக் கேஸ்தான்.

கேள்வி: ஸ்பிளெண்டரில் புது கிளட்ச் பிளேட்டுகள் போட்டும் வழுக்குகிறது. (கரூர்)

கார் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறீர்களா? பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. பைக்குக்கான ஆயிலை மாற்றி ஊற்றிப் பாருங்கள்.

கேள்வி: புது கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும்? (ராசிபுரம்)

உங்கள் இடது காலைத்தான் கேட்க வேண்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் பஸ் நின்றால், வண்டி பின்னால் உருளாமலிருக்க ஹேண்ட்பிரேக்கை இழுப்பவர் ஒருவகை. கிளட்சைப் பாதியில் பிடித்தபடி நிற்பவர் இன்னொருவகை. இரண்டாமவர் இறங்கி வரும்போது என் தொலைபேசி எண்ணைக் கையிலேயே வைத்திருப்பார்.