கப்பல் வரைபடத்தில் அசையவில்லை, கார் எங்கே இருக்கிறது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். ஜப்பானில் தயாராகி முழு வண்டியாகவே இறக்குமதியாகும் கார் ஒன்றைப் பெங்களூரு ஷோரூமில் பதிவு செய்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ‘வண்டி கப்பலில் ஏறிவிட்டது’ என்று சொல்லிக் கப்பலின் பெயரையும் கொடுத்தார்கள். இணையத்தில் கப்பல் வரைபடத்தைத் தினமும் பார்த்து வருகிறேன். சிங்கப்பூரில் ஒரு நாள் நின்றது, மலாக்கா நீரிணையைக் கடந்தது, பிறகு இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. கப்பலுக்கு ஏதேனும் ஆகியிருக்குமா? ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டியை எடுக்க நாள் குறிக்கலாமா?

பதில்: பயப்பட வேண்டாம். கப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதிலிருந்து உங்கள் வரைபடத்துக்கு வந்துகொண்டிருந்த செய்திதான் நின்றுபோயிருக்கிறது.

பன்னாட்டுப் பயணம் போகும் பெரிய சரக்குக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். கப்பலின் அடையாள எண், இருக்கும் இடம், வேகம், திசை ஆகியவற்றை அது சில நொடிகளுக்கு ஒருமுறை வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே போகும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. அந்த அலை அதிக தூரம் போகாது. கரையில் உள்ள நிலையத்துக்குச் சாதாரணமாக 40 கடல் மைல், அதாவது சுமார் 75 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் எட்டும். மலாக்கா நீரிணையில் இரு பக்கமும் கரை இருப்பதால் கப்பல் அங்குலம் அங்குலமாக நகர்வதுகூடத் தெரிந்தது. அந்தமான் கடலுக்குள் நுழைந்ததும் கேட்பதற்குக் கரையில் ஆளில்லை. நடுக்கடலில் செயற்கைக்கோள்தான் கேட்க முடியும். மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற தளங்கள் அந்தத் தகவலைப் பெரும்பாலும் கட்டணம் செலுத்துகிறவர்களுக்குத்தான் காட்டும்.

கப்பலின் படத்தைத் தொட்டால் கடைசியாகத் தகவல் கிடைத்த நேரம் வரும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அது உலகப் பொது நேரமாக இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரம் இரண்டு நாள் பழையது என்றால், நீங்கள் பார்ப்பது இரண்டு நாளுக்கு முந்தைய கப்பலை. சிங்கப்பூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 1,600 கடல் மைல். மணிக்கு 16 கடல் மைல் வேகத்தில் நூறு மணி நேரம், நான்கு நாள் சொச்சம். சென்னைக் கரையை நெருங்கும்போது தானாகவே மறுபடி தென்படும். இதற்காகக் காசு கட்டத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறு இடம்: சிங்கப்பூரில் ஒரு நாள் நின்றது என்கிறீர்களே, அது.

நீங்கள் மாங்கூழைக் கண்டெய்னரில் ஏற்றி அனுப்பியிருப்பீர்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம் கொண்ட கண்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டால், எந்தத் துறைமுகத்தில் இறங்கி எந்தக் கப்பலில் ஏறியது என்று வரிசையாக வந்துவிடும். கார் பெரும்பாலும் அப்படிப் பயணம் செய்வதில்லை. பல அடுக்கு வாகன நிறுத்தத்தைத் தூக்கிக் கடலில் மிதக்கவிட்டது போன்ற தனிக் கப்பலில்தான் அது வரும். சாய்தளத்தின் வழியாக ஓட்டுநர்கள் ஒவ்வொரு வண்டியாக உள்ளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். பெரிய கப்பலில் ஆறாயிரம் கார்களுக்கு மேல் கொள்ளும். அவற்றில் உங்களுடையது எது என்பது வரைபடத்துக்குத் தெரியாது. சேஸிஸ் எண் எழுதியிருக்கும் பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கு ஏற்றியதற்கான கப்பல் ரசீது, கார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

சிங்கப்பூரோ கார்களை ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் மாற்றி ஏற்றும் பெரிய துறைமுகம். உங்கள் வண்டி அங்கேயே இறங்கி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கப்பல் உங்கள் வண்டி இல்லாமலே வேறு திசைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே ஷோரூமில் எழுத்து மூலம் கேளுங்கள்: எழுத்தும் இலக்கமுமாக 17 இடம் கொண்ட வண்டியின் சேஸிஸ் எண் என்ன? அதே கப்பலில் நேராக வருகிறதா, வழியில் மாற்றப்படுகிறதா? எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது?

கப்பலுக்கு உரிய நிரந்தர அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பெயரை மட்டும் நம்பித் தேடினால் தடம் மாறிவிடும். ஒரு நிறுவனத்தின் கார் கப்பல்கள் பல ‘லீடர்’ என்று முடியும், இன்னொன்றின் கப்பல்கள் ‘ஹைவே’ என்று, வேறொன்றினுடையவை ‘ஏஸ்’ என்று. ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் மாறாது.

வரைபடத்தில் தெரியும் சேருமிடமும் வந்து சேரும் நேரமும் கப்பல் அதிகாரி கையால் பதிவது. முந்தைய பயணத்தின் ஊரை மாற்ற மறந்து அப்படியே விட்டிருப்பதும் உண்டு. சென்னைக்கு ஐ.என்.எம்.ஏ.ஏ., எண்ணூருக்கு ஐ.என்.ஈ.என்.ஆர். என்ற குறியீடு வந்தால் ஓரளவு நம்பலாம். அதன்பின் சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் தங்கள் தளங்களில் வெளியிடும் கப்பல் பட்டியலைப் பாருங்கள். கரைக்கு வெளியே வேகம் பூஜ்யமாக நின்றால் நங்கூரம் போட்டு இடத்துக்குக் காத்திருக்கிறது என்று பொருள்.

ஐரோப்பாவிலிருந்து கார் வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் செங்கடலில் ‘கேலக்ஸி லீடர்’ என்ற கார் கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கைப்பற்றினார்கள். இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல் அது. அடுத்து வந்த மாதங்களில் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வந்ததில் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. உங்கள் வண்டிக்கு அந்த வழி இல்லை.

இனி முகூர்த்தம். கப்பல் கரை சேரும் நாளை வண்டி கைக்கு வரும் நாளாக எண்ணி நாள் குறிக்காதீர்கள். வண்டி இறங்கியதும் நிறுவனத்தின் பெயரில் சுங்கத்துறையில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணம் தாக்கலாகி, தீர்வை கட்டி, சோதனை முடிய வேண்டும். ஷோரூம் அந்த எண்ணையும் தேதியையும் கொடுத்தால் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் நிலையைப் பார்க்கலாம், ஆனால் கொடுப்பது அபூர்வம். பிறகு கிடங்கு, தொழில்நுட்பப் பரிசோதனை, லாரி. இவற்றுக்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். கப்பல் வந்துவிட்டது என்ற தொலைபேசிப் பேச்சை நம்பி மீதிப் பணத்தைக் கட்ட வேண்டாம். உங்கள் சேஸிஸ் எண் எழுதிய விலைப்பட்டியல் வந்த பிறகு கட்டுங்கள். காப்பீட்டுக்கும் அந்த எண்தான் வேண்டும்.

நீங்கள் பெங்களூருவில் எடுப்பதால், அங்கே தற்காலிகப் பதிவு செய்து கிருஷ்ணகிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டி.என். 24 நிரந்தரப் பதிவு வாங்கும் வேலையும் இருக்கிறது. ஆவணியின் முதல் முகூர்த்தத்தை விட்டுவிட்டு, அந்த மாதத்தின் பிற்பகுதியில் இரண்டு நாள்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஷோரூமுக்குள் வந்து, நேரில் போய் சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்த பிறகு ஜோதிடரிடம் உறுதி செய்துகொள்ளலாம். சென்னையிலிருந்து வேலூர், வாணியம்பாடி வழியே லாரி வந்தால் உங்கள் கார் முதலில் கிருஷ்ணகிரியைத் தாண்டித்தான் பெங்களூருக்குப் போகும். லாரி கிளம்பும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.