மீகடத்தியின் எல்லையில் இலத்திரன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கல்லடியிலிருந்து ஒரு மாணவி: சேர், மீகடத்தியில் தடை பூச்சியம் என்று படித்தோம். சாதாரண உலோகம் ஒன்றை அதோடு ஒட்டினால், அந்த எல்லையில் இலத்திரனுக்கு என்ன நடக்கும்?

பிள்ளை, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். மீகடத்திக்குள் இலத்திரன்கள் இரண்டிரண்டாக இணைந்து, கூப்பர் சோடிகளாக ஓடுகின்றன. சோடியைப் பிரிக்கச் சக்தி தேவை. அதனால் அந்தச் சக்தி இடைவெளிக்குள் தனி இலத்திரனுக்கு இடமே கிடையாது. இப்போது உலோகத்திலிருந்து அந்த இடைவெளியைவிடக் குறைந்த சக்தியோடு ஓர் இலத்திரன் வருகிறது. தனியே உள்ளே போக வழியில்லை. எல்லை சுத்தமாக இருந்தால், பந்து சுவரில் பட்டதுபோலத் தெறிப்பதும் இல்லை. உலோகத்திலிருந்தே இன்னோர் இலத்திரனைச் சேர்த்துக்கொண்டு சோடியாக உள்ளே போய்விடுகிறது. அந்த இரண்டாவது இலத்திரன் விட்ட வெற்றிடம் ஒரு துளையாகி, முதல் இலத்திரன் வந்த பாதையிலேயே திரும்பிப் போகிறது. 1964இல் இதை விளக்கியவர் சோவியத் பௌதிகவியலாளர் அந்திரேயெவ். அவர் பெயராலேயே அந்திரேயெவ் தெறிப்பு என்கிறோம்.

வந்தது ஓர் இலத்திரன், கடந்தது இரண்டின் ஏற்றம். ஆகவே சிறிய மின்னழுத்தத்தில் கடத்துதிறன் வழமையைவிட இரண்டு மடங்காகும். மீகடத்தியையும் வேறு பொருளையும் இணைத்த கலப்புக் கருவிகளின் கதை முழுவதும் இந்த ஒரு நிகழ்விலிருந்துதான் கிளைக்கிறது என்பேன்.

கல்முனையிலிருந்து: மீகடத்தி அல்லாத பொருளும் பக்கத்தில் இருப்பதாலேயே மீகடத்தியாகுமா?

எல்லையை அண்டிய பகுதியில் ஆகும். முகத்துவாரம் வெட்டியதும் கடலுப்பு நம் வாவிக்குள் கொஞ்சத் தூரம் ஏறுகிறதல்லவா, அப்படிச் சோடித்தன்மையும் பக்கத்துப் பொருளுக்குள் கொஞ்சத் தூரம் ஏறும். இந்தியம் ஆர்சனைட் போன்ற குறைகடத்திக் கம்பியின் மேல் அலுமினியம் பூசுவது இதற்காகத்தான். அலுமினியம் 1.2 கெல்வினுக்குக் கீழே மீகடத்தி.

அக்கரைப்பற்று ஆசிரியர் ஒருவர்: இடத்தியல் காவலியை மாணவருக்கு எப்படிச் சொல்வது?

உள்ளே காவலி, விளிம்பிலோ மேற்பரப்பிலோ கடத்தி என்று தொடங்குங்கள் சேர். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் மெர்க்குரி தெலூரைட் அடுக்குகளில் இதை அளந்து காட்டினார்கள். விளிம்பில் ஒரு சுழற்சி (ஸ்பின்) கொண்ட இலத்திரன்கள் ஒரு பக்கம் போனால், எதிர்ச் சுழற்சி கொண்டவை மறுபக்கம் போகும். திரும்ப வேண்டுமானால் சுழற்சியையே புரட்ட வேண்டும். சாதாரண மாசால் அது முடியாது. ஆனால் "எந்த மாசும் ஒன்றும் செய்யாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காந்தத் தன்மையுள்ள மாசு புரட்டிவிடும்.

காத்தான்குடியிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். மயோரானா துணிக்கையைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. ஐயத்துக்கு இடமில்லாமல் இன்னும் இல்லை.

தானே தனக்கு எதிர்த்துணிக்கையான ஒன்றை 1937இல் இத்தாலியப் பௌதிகவியலாளர் மயோரானா முன்வைத்தார். புள்ளிகள் வரிசையாக இணைந்த மீகடத்திச் சங்கிலி மாதிரி ஒன்றின் இரு முனைகளிலும் அதையொத்த நிலைகள் தோன்றலாம் என்று 2001இல் பௌதிகவியலாளர் கித்தாயெவ் காட்டினார். 2012இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு, மீகடத்தியோடு இணைத்த இந்தியம் அந்திமனைட் நானோக் கம்பியைக் காந்தப்புலத்தில் வைத்தபோது, பூச்சிய மின்னழுத்தத்தில் கடத்துதிறன் உச்சம் ஒன்றைக் கண்டது. மயோரானா நிலைக்கு எதிர்பார்த்த அடையாளம் அதுதான். உலகமே பரபரத்தது, நியாயம்தான்.

சிக்கல் என்னவென்றால், கம்பியின் ஒழுங்கின்மையில் அகப்பட்டு, அந்திரேயெவ் தெறிப்பால் உண்டாகும் சாதாரண நிலைகளும் அதே உச்சத்தைக் காட்டும். மயோரானாவுக்கு ஆதாரம் கிடைத்ததாகச் சொன்ன டெல்ஃப்டின் 2018ஆம் ஆண்டு நேச்சர் கட்டுரை 2021இல் மீளப்பெறப்பட்டது. முழுத் தரவையும் வைத்துப் பார்த்தபோது முடிவு நிற்கவில்லை. 2025 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் அறிவித்த மயோரானா குவாண்டம் கணினிச் சில்லையும் துறையில் பலர் ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், ஒரு முனையில் உச்சம் தெரிந்தால் போதாது. சக்தி இடைவெளி மூடித் திறப்பதும் இரு முனைகளும் ஒத்துப்போவதும் ஒரே கருவியில் தெரிய வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து: அறை வெப்பநிலை மீகடத்தி என்று 2023இல் வந்த எல்.கே.-99?

மீகடத்தி அல்ல. தடை சட்டென்று விழுந்தது, மாசாகக் கலந்திருந்த செப்புச் சல்பைட்டால்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: இவ்வளவு குளிரூட்டத் திரவ ஹீலியம் இல்லாத நாங்கள் என்ன செய்யலாம்?

மடிக்கணினி போதும் தங்கச்சி. கித்தாயெவ் சங்கிலியை 40 புள்ளிகளுக்குப் பைதானில் எழுதுங்கள். இலத்திரனும் துளையும் சேர்ந்து 80க்கு 80 தாயம் வரும். தாவல் சக்தி 1, சோடிச் சக்தி 1, இரசாயன அழுத்தம் 0.5 என்று வைத்து ஐகன் பெறுமானங்களை, அதாவது சங்கிலியின் சக்தி மட்டங்களை, எடுங்கள். இரண்டு மட்டும் பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் அலைச்சார்பு சங்கிலியின் முனைகளில் குவிந்திருக்கும். இரசாயன அழுத்தத்தை 3 ஆக்கினால் இரண்டும் மறைந்துவிடும். இரசாயன அழுத்தத்துக்கு எல்லை, தாவல் சக்தியின் இரண்டு மடங்கு. அப்புறம் ஒவ்வொரு புள்ளியிலும் இரசாயன அழுத்தத்தை எழுமாறாகக் குலைத்து, எவ்வளவு குலைத்தால் அவை பூச்சியத்திலிருந்து நகர்கின்றன என்று பாருங்கள். வரைபை அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.